தேக்குத் தூணுக்காக வீட்டை வாங்குகிறவர்கள்

காரைக்குடியில் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பொறுப்பைப் பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அவர்களுடைய சர்வரில் ஓடும் சாஃப்ட்வேரைச் செய்த கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டதாம். இந்த வருட ரினியூவலுக்கு வந்த குவோட் போன வருடத்தைப் போல மூன்று மடங்கு. எப்போதும் பேசுகிற ஆளுக்குப் போன் போட்டால், "நான் இப்ப அங்க இல்ல சார்" என்கிறாராம். "இவ்வளவு பணத்தைக் கொட்டி ஒரு கம்பெனியை வாங்குகிறவன் அதன் கஸ்டமர்களையே ஏன் விரட்டுகிறான்? இதுகூடத் தெரியாமலா வாங்குவான்? நாங்கள் இருப்பதா, கிளம்புவதா?" என்பது கேள்வி.

தம்பி, தெரிந்துதான் வாங்குகிறான். தெரியாமல் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் விலை பேச உட்கார்ந்தால் ஏமாறப்போவது நீங்கள்தான். நான் இருபது வருடத்துக்கு மேலாக இந்தச் சர்வர் வேலையில் இருக்கிறேன், முதலில் சென்னை, அப்புறம் ஆறு வருடம் சிங்கப்பூர், இப்போது பத்து வருடமாக ஊரோடு. புதுவயலில் ரைஸ் மில், தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கூடம், இரண்டு மூன்று ஆஸ்பத்திரி, ஒரு நகைக்கடை என்று பைக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது சுலபம். பழைய செட்டிநாட்டு வீடு ஒன்று விலைக்கு வருகிறது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் இருக்கிறது, பங்காளிகள் இருபது பேர் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். கடைசியில் எல்லோரும் சரி என்கிறார்கள். வாங்க வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் குடியிருக்கவோ, ஹோட்டல் நடத்தவோ வாங்குகிறார். ஓடு மாற்றுவார், ஒழுகும் இடத்தை அடைப்பார், வாசலில் கோலம் விழும். இன்னொருவர் உள்ளே வந்ததும் தூணைத் தட்டிப் பார்ப்பார். பர்மாத் தேக்கு எத்தனை கன அடி, நிலை எத்தனை, கதவு எத்தனை, முனீஸ்வரன் கோயில் தெருவில் இதற்கு என்ன விலை போகும் என்று மனதுக்குள் கூட்டிக்கொண்டே நடப்பார். அவர் கணக்கில் அந்த வீட்டில் யாரும் குடியிருப்பது வரவே வராது. அதற்காக அவரை முட்டாள் என்று சொல்ல முடியுமா? அவர் வாங்கியது வேறு சாமான், அவ்வளவுதான்.

சாஃப்ட்வேர் கம்பெனியில் தேக்குத் தூண் எது என்று கேட்டால், ஆண்டுதோறும் வரும் ரினியூவல் பணம். பெரிய நிறுவனங்களுக்கு விற்கும் சாஃப்ட்வேரில் பழைய முறை என்னவென்றால், லைசன்ஸை ஒரு தடவை வாங்கிக்கொள்வீர்கள், அது என்றைக்கும் உங்களுடையது. அப்புறம் அப்டேட்டுக்கும் சப்போர்ட்டுக்கும் வருடாவருடம் அந்த விலையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கட்டுவீர்கள். கட்டிக்கொண்டே இருப்பீர்கள். ஏனென்றால் மாறுவது கஷ்டம். உங்கள் பழைய ரெக்கார்டு அதில் இருக்கிறது, ஆட்களுக்கு அதுதான் கைப்பழக்கம், லேப் மெஷின் அதோடுதான் பேசும், ஆடிட்டருக்கு அந்த ரிப்போர்ட்தான் தெரியும். வாங்க வருகிறவர் தட்டிப் பார்ப்பது இந்தக் கஷ்டத்தைத்தான். சாஃப்ட்வேர் நன்றாக இருக்கிறதா என்பது அவருக்கு இரண்டாவது கேள்வி. இவர்கள் எவ்வளவு விலை ஏற்றினால் எத்தனை பேர் கிளம்புவார்கள், எத்தனை பேர் முணுமுணுத்துக்கொண்டே கட்டுவார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் விஎம்வேர். ஒரே சர்வரைத் தடுப்பு வைத்துப் பத்துக் குடித்தனமாக ஆக்கும் சாஃப்ட்வேர் அது. ஒரு பெட்டிக்குள் பத்துப் பன்னிரண்டு சர்வர் தனித்தனியாக ஓடுவதுபோல் ஓடும். 1998-இல் தொடங்கிய கம்பெனி. இது பல தடவை கைமாறியது, அந்தக் கதையில்தான் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது.

முதலில் 2004-இல் இ.எம்.சி. இதை சுமார் 63.5 கோடி டாலருக்கு வாங்கியது. இ.எம்.சி. ஸ்டோரேஜ் பெட்டி விற்கிற கம்பெனி. விஎம்வேரை வைத்திருந்த பலர் இ.எம்.சி.யின் போட்டியாளர்களிடம் ஸ்டோரேஜ் வாங்கியவர்கள். "இனி எங்கள் பெட்டியோடுதான் ஓடும்" என்று இ.எம்.சி. சொல்லியிருந்தால் பாதிப்பேர் அன்றைக்கே கிளம்பியிருப்பார்கள். அது அப்படிச் செய்யவில்லை, விஎம்வேரைத் தனிக் கம்பெனியாகவே விட்டுவைத்தது, 2007-இல் அதன் பங்கில் ஒரு பகுதியைத் தனியாகச் சந்தைக்கும் கொண்டுவந்தது. போட்டியாளர் பெட்டியோடும் விஎம்வேர் ஓடிக்கொண்டே இருந்தது, கம்பெனி பல மடங்கு வளர்ந்தது. 2016-இல் டெல், இ.எம்.சி.யையே வாங்கியபோது விஎம்வேரும் கூடவே டெல்லிடம் போனது. அப்போதும் சர்வர் ரூமில் உட்கார்ந்திருந்த எங்களுக்குப் பெரிதாக எதுவும் தெரியவில்லை. 2021 கடைசியில் டெல் அதைப் பிரித்து வெளியே விட்டது.

அப்புறம் 2022 மே மாதம் பிராட்காம் வந்தது. சுமார் 6,100 கோடி டாலர் விலை, அதோடு விஎம்வேரின் 800 கோடி டாலர் கடனும். அடிப்படையில் சிப் கம்பெனி, ஆனால் அதற்கு முன்பே 2018-இல் சி.ஏ. டெக்னாலஜிஸ் என்ற சாஃப்ட்வேர் கம்பெனியை 1,890 கோடிக்கும், 2019-இல் சிமான்டெக்கின் நிறுவனப் பாதுகாப்புப் பிரிவை 1,070 கோடிக்கும் வாங்கிப் பழகிய கை. விஎம்வேரை வாங்கும்போது முதலீட்டாளர்களிடம் ஒரு எண்ணைச் சொன்னார்கள்: வாங்கி முடித்த மூன்று வருடத்துக்குள் வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன்னான லாபமாக விஎம்வேரிலிருந்து வருடத்துக்கு சுமார் 850 கோடி டாலர் வரும் என்று. அது அப்போது வந்துகொண்டிருந்ததைவிட மிக அதிகம். இந்த ஒரு எண்ணைப் படித்தவர்களுக்கு அடுத்து நடந்ததில் ஆச்சரியமே இருந்திருக்காது. லாபம் அவ்வளவு ஏற வேண்டும் என்றால் செலவைக் குறைக்க வேண்டும், அல்லது அதே கஸ்டமரிடம் கூடுதலாக வாங்க வேண்டும், அல்லது இரண்டும். மூன்று வருடத்துக்குள் அந்த அளவு புதுக் கஸ்டமர் எங்கிருந்தும் வந்து குதிக்கப்போவதில்லை.

2023 நவம்பர் 22-இல் கைமாறி முடிந்தது. டிசம்பரிலேயே என்றென்றைக்குமான லைசன்ஸ் விற்பனையை நிறுத்தினார்கள், பழைய லைசன்ஸுக்கான சப்போர்ட் ரினியூவலையும் நிறுத்தினார்கள். இனி சந்தா மட்டும்தான். தனித்தனியாக வாங்கிக்கொண்டிருந்த பல சாமான்களைச் சில மூட்டைகளாகக் கட்டினார்கள். இரண்டு இட்லி போதும் என்கிறவனிடம் கல்யாண விருந்துக்கு இலை போட்டுப் பில்லைக் கொடுக்கிற மாதிரி. பில் சி.பி.யு.வில் உள்ள கோர் (சி.பி.யு.வுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) கணக்கில் வரும், அதிலும் ஒரு சி.பி.யு.வுக்குக் குறைந்தது 16 கோர் என்று வைத்தார்கள். ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இரண்டு சர்வர், ஒவ்வொன்றிலும் 8 கோர் உள்ள ஒரு சி.பி.யு. என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் இருப்பது 16 கோர், கட்டுவது 32 கோருக்கு. இதில் விலை ஏற்றம் என்று தனியாக ஒன்றுமே தேவையில்லை பாருங்கள், எண்ணுகிற முறையை மாற்றினாலே போதும். 2024 பிப்ரவரியில், சின்னவர்கள் பழகுவதற்கு இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்த பதிப்பையும் எடுத்தார்கள். 2025 ஏப்ரலில் திரும்பக் கொடுத்தார்கள், அதற்குள் பழகுகிற பிள்ளைகள் வேறு இடத்தில் பழகிக்கொண்டார்கள்.

பெரியவர்களையும் விடவில்லை. அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. 2024 ஆகஸ்டில் கோர்ட்டுக்குப் போனது. சுமார் 8,600 சர்வரில் 75,000 தடுப்புக் குடித்தனம் அவர்களுக்கு. ஏற்கெனவே வாங்கிய லைசன்ஸுக்கு சப்போர்ட் நீட்டிப்பு ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, அதைத் தர மறுத்து 1,050 சதவீதம் விலை ஏற்றப் பார்க்கிறார்கள் என்பது அவர்கள் தரப்பு. அதே வருடம் நவம்பரில் சமாதானமாகிவிட்டார்கள். நெதர்லாந்தில் சாலையும் நீர்வழியும் அணைகளும் பார்க்கிற அரசுத் துறை 2025-இல் கோர்ட்டுக்குப் போய், வேறு இடத்துக்கு மாறி முடிக்கும்வரை இரண்டு வருடம் வரைக்கும் பிராட்காம் உதவ வேண்டும் என்று உத்தரவு வாங்கியது. ஊர் கடலில் மூழ்காமல் பார்த்துக்கொள்கிற துறை, சாஃப்ட்வேரிலிருந்து வெளியே வருவதற்கு ஜட்ஜிடம் போக வேண்டியிருந்தது!

சரி, இப்போது உங்கள் "இதுகூடத் தெரியாமலா வாங்குவான்?" என்ற கேள்விக்கு வருவோம். 2023 நிதியாண்டில் பிராட்காமின் சாஃப்ட்வேர் பிரிவின் வரவு சுமார் 760 கோடி டாலர். விஎம்வேர் சேர்ந்த 2024 நிதியாண்டில் அது சுமார் 2,150 கோடி. இணையமெல்லாம் திட்டுகிறது, சின்னவர்கள் மூட்டை கட்டுகிறார்கள், வரவு ஏறிக்கொண்டே இருக்கிறது. எப்படி என்றால், வேகமாகக் கிளம்பக்கூடியவன் சின்னவன், அவன் பில்லும் சின்னது. பெரியவன் கிளம்ப இரண்டு வருடம், மூன்று வருடம் ஆகும். அதுவரை அவன் கட்டித்தான் ஆக வேண்டும். நூறு பேரில் முப்பது பேர் போனாலும் மீதி எழுபது பேர் இரட்டிப்பாகக் கட்டினால் 140 வருகிறது. (இந்த எண் நான் கணக்குக்காகப் போட்டது, யாருடைய உண்மைக் கணக்கும் இல்லை.) முப்பது பேருக்கு சப்போர்ட் கொடுக்கும் செலவும் மிச்சம். ஆக, கஸ்டமர் ஓடுவது அவர்களுக்கு விபத்து இல்லை. கல்யாணச் சமையலில் சேதாரம் போடுகிற மாதிரி முன்கூட்டியே போட்டுவைத்த கணக்கு.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். கட்டாயத்தில் மூன்று வருட ஒப்பந்தம் போட்டவன் இருப்பதற்காகப் போடவில்லை, கிளம்ப அவகாசம் வாங்கப் போட்டிருக்கிறான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கையெழுத்துத்தான். அவன் உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறான் என்பது நான்காவது வருடம்தான் தெரியும். வியன்னாவில் ப்ராக்ஸ்மாக்ஸ் என்று ஒரு சின்னக் கம்பெனி, லினக்ஸில் ஓடும் இதே மாதிரித் தடுப்புச் சாஃப்ட்வேரைத் திறந்த மூலமாக, அதாவது யாரும் எடுத்து ஓட்டவும் மாற்றவும் முடிகிற மாதிரி, தருகிறது. 2024 மார்ச்சிலேயே விஎம்வேரிலிருந்து குடித்தனங்களை நேராக இழுத்துக்கொள்ளும் வசதியைச் சேர்த்துவிட்டது. பேக்கப் சாஃப்ட்வேரில் பெரிய பெயரான வீம் அதே வருடம் ப்ராக்ஸ்மாக்ஸுக்கும் ஆதரவு கொடுத்தது. பேக்கப்காரன் எங்கே கடை போடுகிறான் என்று பார்த்தால் கூட்டம் எந்தப் பக்கம் நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

விலையை மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் அனுபவத்தில் சின்னக் கஸ்டமர் ஓடுவதற்கு விலை பாதிக்காரணம்தான். மீதிப்பாதியை ஒரு ரைஸ் மில்லில் பார்த்தேன்.

புதுவயல் பக்கம் ஒரு மில். மில்லின் பெயரும் வேண்டாம், சாஃப்ட்வேர் கம்பெனியின் பெயரும் வேண்டாம். நெல் லாரி எடை மேடையில் ஏறினால் எடையை நேராக இழுத்துக்கொண்டு, சாக்குக் கழிவைக் கழித்து, ஈரப்பதத்துக்கு உண்டானதைக் கழித்து, எடைச்சீட்டு அடித்துக் கொடுக்கும் புரோகிராம். அதை எழுதியவர் கொங்குப் பக்கத்துக்காரர். பஸ்ஸில் வந்து இறங்கி, மூன்று நாள் மில்லிலேயே படுத்து, கணக்குப்பிள்ளை எப்படிச் சீட்டு எழுதுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதினார். சீட்டில் சாக்குக் கழிவுக்குத் தனிக் கட்டம் வேண்டும், அதுவும் மொத்த எடைக்கு நேர் கீழே வேண்டும், அப்போதுதான் வியாபாரி சண்டை போடமாட்டான் என்று கணக்குப்பிள்ளை சொன்னதை அப்படியே வைத்தார். எட்டு வருடம் ஒரு சிக்கலும் இல்லை.

அப்புறம் அவர் கம்பெனியை வடக்கே ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை; வயதாகிவிட்டது, பிள்ளைகள் வெளிநாட்டில். வாங்கியவர்களிடமிருந்து மெயில் வந்தது, உங்களுக்கு எதுவும் மாறாது என்று. இது என் சொந்த விதி: எதுவும் மாறாது என்று எழுதி வந்த மெயிலைப் பிரின்ட் எடுத்து, தேதி போட்டு, ஃபைலில் வையுங்கள்.

தை முடிந்து மாசி பிறந்த சமயம், அறுவடை நெல் குவிகிற நேரம். அன்று காலை அப்டேட் வந்து புரோகிராம் புது முகத்தோடு திறந்தது. லாரி ஏறியது, எடை வந்தது, சீட்டும் வந்தது, சாக்குக் கழிவுக் கட்டத்தைக் காணவில்லை. வாங்கியவர்களிடம் ஏற்கெனவே நாலைந்து மாநிலத்தில் ஓடும் ஒரு மில் புரோகிராம் இருந்தது. எதற்கு இரண்டு வைத்துக்கொண்டு என்று நம்மவர்களை அதற்குள் தள்ளிவிட்டார்கள். அதில் அந்தக் கட்டம் இல்லை. பழைய ஆளின் போன் அணைந்திருந்தது. புது நம்பரில் இந்திக்கு ஒன்று, இங்கிலீஷுக்கு இரண்டு என்று ஒரு பெண்குரல், தமிழுக்கு எண்ணே இல்லை. பதினைந்து நிமிடம் கழித்து ஒரு ஆள் வந்து டிக்கெட் நம்பர் கொடுத்தார், 48 மணி நேரத்துக்குள் பார்ப்பார்களாம். வெளியே லாரி வரிசை ரோடு வரைக்கும் நிற்கிறது, டிரைவர்கள் டீக்கடையில்.

கணக்குப்பிள்ளைக்கு எழுபது வயதிருக்கும். என்னையும் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரையும் பார்க்கவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து, கார்பன் பேப்பர் வைத்த பழைய சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். "மெசின் படுத்தா படுக்கட்டும் தம்பி, லாரி நிக்கக்கூடாது" என்று எழுத ஆரம்பித்தார். அன்று சாயங்காலம் வரைக்கும் எல்லாச் சீட்டும் அவர் கையெழுத்துத்தான். அந்தப் புத்தகத்தை எட்டு வருடமாக ஏன் இழுப்பறையிலேயே வைத்திருந்தீர்கள் என்று நான் கேட்டதற்கு, "பழைய சாமானைத் தூக்கிப் போடுறது நம்ம பழக்கம் இல்லையே" என்று மட்டும் சொன்னார்.

நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. அந்தக் கட்டத்தைச் சேர்க்கலாம், ஆனால் அது தனி வேலை, அதற்குத் தனிக் கட்டணம். கட்டணம் ஒரு வருட ரினியூவலைவிட அதிகம். மில் ஆச்சி பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "நம்ம சீட்டு அவங்களுக்குப் புரியலைங்கறாங்களா, வேண்டாம்ங்கறாங்களா?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. வேண்டாம் என்பதுதான் பதில், ஆனால் அதை அவர்கள் வாயால் சொல்லமாட்டார்கள். அந்த வருடம் அவர்கள் ஏற்றிய விலை பதினைந்து சதவீதம்தான். மில் அதை முகம் சுளிக்காமல் கட்டியிருக்கும். கட்டாமல் கிளம்பியது சாக்குக் கழிவுக் கட்டத்துக்காக, 48 மணி நேரத்துக்காக, தமிழில் பேச ஒரு ஆள் இல்லை என்பதற்காக. புதிதாகப் போன இடம் மலிவும் இல்லை. வாங்கியவர்களின் ஏட்டில் இந்த மில் "விலை காரணமாகப் போனவர்" என்றுதான் பதிவாகியிருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

பெரிய இடத்திலும் இதேதான் நடக்கிறது. 2023 டிசம்பரில் பிராட்காம், விஎம்வேரின் விற்பனைப் பங்குதாரர் திட்டத்தை முடித்துக்கொண்டு, தான் அழைக்கிறவர்களை மட்டும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னது. பங்குதாரர் என்றால் என்னைப் போன்ற ஆட்களும் எனக்கு மேலே உள்ள டீலர்களும்தான். சின்னக் கஸ்டமருக்குக் கம்பெனி என்றால் அமெரிக்காவில் உள்ள கட்டடம் கிடையாது, ராத்திரி பதினொரு மணிக்குப் போனை எடுக்கிற டீலர்தான் கம்பெனி. அந்த ஆளைக் கழற்றிவிட்டால் அவன் பின்னால் உள்ள நாற்பது கஸ்டமரிடம் தனித்தனியாகப் "போய் வாருங்கள்" என்று சொல்லத் தேவையில்லை. டீலருக்கும் பிழைப்பு வேண்டும், அவன் அடுத்த மாதமே வேறு சாமானைக் கற்றுக்கொண்டு அதே நாற்பது பேரிடம் விற்கப் போவான். இதில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்கவில்லை. நான் சொல்வதில் டீலர் வயிற்றெரிச்சல் கொஞ்சம் கலந்திருக்கும், கழித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

நேர் எதிரான கதையும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. 2003 ஜூனில் ஆரக்கிள் என்ற பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி, நிறுவனங்களுக்கு ஆள், சம்பளக் கணக்குச் சாஃப்ட்வேர் விற்ற பீப்பிள்சாஃப்ட் என்ற போட்டிக் கம்பெனியை அது வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச்சொல்ல வாங்கக் கிளம்பியது. வாங்கினால் பீப்பிள்சாஃப்டைப் புதியவர்களுக்கு முனைந்து விற்கப்போவதில்லை என்றும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டது. நாளைக்குச் சாகப்போகிற சாஃப்ட்வேரை இன்றைக்கு யார் வாங்குவார்கள்? அதனால் பீப்பிள்சாஃப்ட் ஒரு வேலை செய்தது. எங்களை யாராவது வாங்கி சப்போர்ட்டைக் குறைத்தால், நீங்கள் கொடுத்த லைசன்ஸ் பணத்தைப்போல் இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை திரும்பக் கிடைக்கும் என்று கஸ்டமர் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்தது. ஒன்றரை வருட இழுபறிக்குப் பிறகு 1,030 கோடி டாலருக்குப் பேசி முடிந்து, 2005 ஜனவரியில் கைமாறியது. அதே மாதம் ஆரக்கிளின் பெரிய போட்டியாளரான எஸ்.ஏ.பி., பீப்பிள்சாஃப்ட் கஸ்டமர்களுக்குப் பாதி விலையில் சப்போர்ட் கொடுக்கும் டுமாரோநவ் என்ற சின்னக் கம்பெனியை வாங்கிக் கடையைத் திறந்தது. பீப்பிள்சாஃப்டின் நிறுவனர் டேவ் டஃபீல்ட் அதே வருடம் வொர்க்டே என்ற போட்டிச் சாஃப்ட்வேர் கம்பெனியைத் தொடங்கினார். நாலு பக்கமும் கதவு திறந்திருக்கிறது, வாசலில் போட்டியாளர் தாம்பூலத் தட்டோடு நிற்கிறார். ஆரக்கிளின் பேச்சு மாறியது. பீப்பிள்சாஃப்டைத் தொடர்ந்து வளர்ப்போம், ஆதரவை நிறுத்தமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தது. இன்றைக்கும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. (எஸ்.ஏ.பி. கதை வேறு மாதிரி முடிந்தது. டுமாரோநவ் ஆரக்கிளின் சாஃப்ட்வேரை முறையில்லாமல் எடுத்தது என்று வழக்காகி, 2010-இல் ஜூரி 130 கோடி டாலர் தண்டம் போட்டார்கள், பிற்பாடு அது வெகுவாகக் குறைந்தது.)

ஆரக்கிள் அன்றைக்கு நல்ல மனசோடு நடந்துகொண்டது என்று நான் சொல்லவில்லை. கஸ்டமருக்குப் போக இடம் இருந்தது, அவ்வளவுதான். தூணைப் பிடுங்க வந்தவரும், குடியிருப்பவர் நாளைக்கே எதிர்வீட்டுக்குப் போக முடியும் என்று தெரிந்தால் கொஞ்சம் யோசித்துத்தான் சுத்தியலை எடுப்பார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எந்தச் சாஃப்ட்வேர் என்று நீங்கள் எழுதவில்லை, எழுதவும் வேண்டாம். முதலில் குவோட்டை எடுத்து எதை எண்ணியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கோரா, யூசரா, படுக்கையா? போன வருடம் எதை எண்ணினார்கள்? மூன்று மடங்கில் எவ்வளவு விலையால் வந்தது, எவ்வளவு எண்ணுகிற முறையால் வந்தது என்று தனித்தனியாகப் பிரித்துத் தாளில் எழுதுங்கள். எண்ணும் முறையால் வந்ததைச் சில சமயம் குறைக்க முடியும். இரண்டு பழைய சர்வரை ஒன்றாக்கினாலே பில் இறங்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் பழைய ஒப்பந்தத்தைத் தேடுங்கள். அக்கவுன்ட்ஸ் பீரோவில் எங்காவது இருக்கும். லைசன்ஸ் என்றைக்குமானது என்று இருந்தால், ரினியூவல் கட்டாவிட்டாலும் அந்த நாள்வரை உள்ள பதிப்பை ஓட்ட உங்களுக்குப் பொதுவாக உரிமை உண்டு. புது அப்டேட்டும் சப்போர்ட்டும் மட்டும் வராது. ஆஸ்பத்திரியில் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் நீண்ட நாள் ஓட்டச் சொல்லமாட்டேன், ஆனால் மாறுகிற ஆறு மாதத்துக்கு அது ஒரு தாழ்வாரம்.

விலை பேசும்போது ஒரு வருடத்துக்கு மேல் கையெழுத்துப் போடாதீர்கள், தள்ளுபடி எவ்வளவு இனிப்பாக இருந்தாலும். மூன்று வருடம் போட்டே ஆக வேண்டும் என்றால், இரண்டாம் மூன்றாம் வருட விலை, நான்காம் வருட ஏற்றத்துக்கு உச்சவரம்பு, கம்பெனி மறுபடி கைமாறினாலும் இதே நிபந்தனை செல்லும் என்ற வரி, கிளம்பினால் டேட்டாவை எந்த வடிவத்தில் எத்தனை நாளில் தருவார்கள் என்ற வரி, இதெல்லாம் எழுத்தில் வேண்டும். நம் பக்கம் நகரத்தார் கல்யாணத்துக்கே இசைகுடிமானம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். சாஃப்ட்வேருக்கு மட்டும் சேல்ஸ் தம்பியின் வாய்வார்த்தையை நம்பி உட்கார்ந்திருக்கிறோம், அந்தத் தம்பியே இப்போது வேறு கம்பெனியில்.

இந்த இடத்தில் யாராவது "ஜோஹோ மாதிரி நம்ம ஊர்க் கம்பெனிக்கு மாறிவிடுங்கள்" என்பார்கள். வெளி முதலீடு வாங்காத கம்பெனி, தென்காசிப் பக்கம் ஆபீஸ், கைமாறுகிற பயம் குறைவு, எல்லாம் சரிதான். ஆனால் அவர்கள் விற்பதும் உங்கள் சர்வரைத் தடுத்துப் பத்தாக ஆக்கும் சாமானும் ஒன்றல்ல. எது மாறுகிறதோ அதற்கு நிகரானதைத் தேடுங்கள். உங்களிடம் இருப்பது தடுப்புச் சாஃப்ட்வேர் என்றால் ப்ராக்ஸ்மாக்ஸ் இருக்கிறது, மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி இருக்கிறது, பணம் இருந்தால் நியூட்டானிக்ஸ் இருக்கிறது. ஆஸ்பத்திரி நிர்வாகச் சாஃப்ட்வேர் என்றால் வேலை இன்னும் கஷ்டம். அங்கே உங்களைக் கட்டிப்போட்டிருப்பது லேப் மெஷினிலிருந்து ரிப்போர்ட் தானாக வருகிற இணைப்புத்தான், மற்றதெல்லாம் டைப் அடித்துக்கூட ஏற்றிவிடலாம். அந்த இணைப்பைக் கடைசியில் தொடுங்கள். முதலில் மருந்துக்கடை ஸ்டாக், அப்புறம் சம்பளக் கணக்கு, அப்புறம் ஓ.பி. டோக்கன் என்று ஓரத்திலிருந்து நகர்த்துங்கள்.

நீங்கள் மாறப்போகிறீர்களோ இல்லையோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் மாற்றுச் சாஃப்ட்வேரைப் போட்டு, உங்கள் பேக்கப்பிலிருந்து ஒரே ஒரு சர்வரை அதில் எழுப்பிப் பாருங்கள். எழுந்தால் அதை ஒரு போட்டோ எடுத்து, அடுத்த தடவை விலை பேச வரும் ஆளிடம் டீ கொடுக்கும்போது சும்மா காட்டுங்கள். எழவில்லை என்றால் உங்கள் பேக்கப்பே சரியில்லை என்று அர்த்தம், ரினியூவலைவிட அது அவசரம்; அன்றைக்கே எனக்குச் சொல்லுங்கள், செக்காலை ரோட்டுப் பக்கம்தான் இருக்கிறேன், வந்து பார்க்கிறேன்.